அரங்கேற்றத்துக்குப் பிறகு: ஆட்டம், நடன அமைப்பு, எழுத்து, ஒளிப்படம்

கேள்வி இது: திருகோணமலையில் பரதம் பயின்று அரங்கேற்றம் முடித்த ஒருவருக்குத் தொடர்ந்து ஆடவும் விருப்பம், சொந்தமாக ஆட்ட உருப்படிகள் அமைக்கவும் விருப்பம். நடனம் பற்றி எழுதவும் படம் எடுக்கவும் ஆசை இருக்கிறது. நாலையும் ஒன்றாகக் கொண்டுபோகலாமா, எதை முதலில் பிடிப்பது, எங்கே பிழை போகும்?

தாராளமாகக் கொண்டுபோகலாம். நாலுக்கும் அடியில் இருப்பது லயம், அதாவது தாள உணர்வு. ஒரு தீர்மானம், அதாவது ஆட்டத் துண்டை முடிக்கும் தாளக்கோவை, எந்த இடத்தில் விழும் என்று உடம்பில் தெரிந்தவர் அதை ஆடலாம், இன்னொருவர் உடம்பில் அமைக்கலாம், விழுந்த விதத்தை எழுதலாம், விழும் கணத்தைப் படமாகப் பிடிக்கலாம். அந்த அறிவு மங்கினால் மற்ற மூன்றும் ஓரிரு வருடத்தில் பொதுப்படையாகிவிடும். ஆகவே ஆட்டத்தை விட்டுவிட்டு மற்றதற்குப் போகாதீர்கள். மேடை ஏறுவது குறைந்தாலும் பயிற்சி நிற்கக்கூடாது.

இப்படி வாழ்ந்தவர்கள் உண்டு. சந்திரலேகா (1928–2006) காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பயின்று 1952இல் அரங்கேறினார். ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கான அந்த நிகழ்ச்சியில் யமுனை நீர் பெருகுவதை அபிநயித்துக்கொண்டிருந்தபோது, தண்ணீரில்லாத நிலத்துக்காகத் தண்ணீரை ஆடும் முரண் அவரைத் தாக்கியது. பிறகு நீண்ட காலம் மேடையை விட்டு விலகி எழுதினார், சுவரொட்டிகள் வடிவமைத்தார். 1985இல் ‘அங்கிகா’ என்ற படைப்போடு திரும்பியபோது பரதத்தோடு களரித் தற்காப்புக் கலையும் யோகமும் வந்தன. நமக்குப் பக்கத்தில் மட்டக்களப்புப் பேராசிரியர் சி. மௌனகுரு இருக்கிறார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மேடைக்கு மீட்டெடுத்த காலத்தில் ஆடியவர், பிறகு கூத்துகளை நெறியாண்டவர், மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றி ஆய்வு எழுதியவர். அவருடைய எழுத்தில் தாளக்கட்டும் ஆட்டமும் அவ்வளவு துல்லியமாக வருவதற்குக் காரணம் அவர் ஆடியவர் என்பதே.

முதலில் உடம்பு. அரங்கேற்றம் முடிந்த பலர் இரண்டு வருடத்துக்குள் நீண்ட உருப்படியான வர்ணத்தை மறந்துவிடுகிறார்கள். மாதம் ஒருமுறை அலாரிப்பிலிருந்து தில்லானா வரை முழு மார்க்கத்தையும் இடைவெளியின்றி ஆடிப் பாருங்கள். கிழமையில் ஐந்து நாள் அடவுப் பயிற்சி (அடிப்படை அசைவுகள்), மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும். நமது பாடசாலை மண்டபங்களிலும் கோவில் மேடைகளிலும் பெரும்பாலும் சீமெந்துத் தரைதான். தட்டும் அதிர்வை அது உள்வாங்காது. முன்கால் எலும்பு ஓரமாக வலி வந்தால் அது பயிற்சிக் குறைவு என்று எண்ணாதீர்கள், தரையின் வேலையாக இருக்கலாம். வீட்டில் பயிற்சிக்குச் சட்டத்தின்மேல் பலகை அடித்த ஆறடிக்கு ஆறடி மேடை ஒன்று போட்டால் போதும். பலகைக்கும் நிலத்துக்கும் நடுவில் இரண்டு அங்குல வெற்றிடம் இருக்கவேண்டும். முழங்கால் மடித்து அரைவாசி அமரும் அரைமண்டியில் முழங்கால் பாதத்தின் திசையிலேயே திறக்கவேண்டும். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பி முழங்காலை முன்னால் விட்டால் உட்பக்கத் தசைநார் இழுபடும். இதனால் ஆட்டமே நின்றுபோகவும் கூடும்.

அடுத்தது நடன அமைப்பு. இங்கே பொருளுக்குப் பஞ்சமில்லை. திருஞானசம்பந்தரின் கோணமலைப் பதிகத்தை எடுங்கள். ‘நிரைகழல் அரவம் சிலம்பொலி அலம்பும்’ என்று காலின் ஒலியோடு தொடங்குகிறது. அந்தப் பாட்டின் கடைசி அடி ‘குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே’. கால், கடல், மலை மூன்றும் ஒரே பாட்டுக்குள் வருகின்றன. பலர் முதல் அடியிலேயே சிவன் நிலையில் கையைத் தூக்கி நிற்கிறார்கள். பாட்டு ஒலியைச் சொல்லும்போது ஒலியைத்தான் தரவேண்டும். காலால் தட்டும் தட்டுமெட்டு அடவை மெதுவாக, மேடையின் பின்மூலையிலிருந்து, முகம் காட்டாமல் தொடங்கிப் பாருங்கள். கடைசி அடிக்கு வரும்போது அலை வந்து முத்தை ஒதுக்கிப் போவதைக் கையால் மட்டும் காட்டினால் சிறுபிள்ளை ஆட்டமாகிவிடும். ஏழு பேர் இருந்தால் வரிசை முன்வந்து கலைந்து ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டுப் பின்வாங்கட்டும். அந்த ஒருத்தியே முத்து.

இந்தப் பதிகத்துக்குப் பண் புறநீர்மை, ஓதுவார்கள் பூபாளத்தில் பாடுவார்கள். பூபாளத்தில் ஐந்தே சுரம். விடியற்காலை இராகம், அழகானது. ஆனால் பன்னிரண்டு நிமிடம் அதிலேயே நின்றால் மேடை பாரமாகிவிடும். இராவணன் மலையெடுத்த செய்தி வரும் எட்டாம் பாட்டுக்கு அடாணா போன்ற ஒன்றுக்கு மாறி, கடைசியில் பூபாளத்துக்குத் திரும்பலாம். கோணேசர் கோவில் நிற்கும் சுவாமிமலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைத் தினம் பார்க்கிற சனத்துக்கு அந்த இடத்தில் விளக்கம் வேண்டியதில்லை, சஞ்சாரி எனும் கதை விரிப்பைக் குறையுங்கள். தேவாரத்தில் சொல்லைத் துண்டாடுவதும் கூடாது. ‘கோண’ என்று ஓர் ஆவர்த்தனத்தை (தாளச் சுற்றை) முடித்து ‘மாமலை’ என்று அடுத்ததைத் தொடங்கினால் கேட்பவருக்குப் பொருள் கெடும். பாடகரோடு உட்கார்ந்து, தாளத்தின் எந்த எடுப்பில் எந்தச் சொல் விழுகிறது என்று எழுதி வைத்துவிட்டுத்தான் கால் வைக்கவேண்டும்.

குழு ஆட்டத்துக்கு ஒருவருக்கு ஆறடிச் சதுரம் என்று கணக்கு வையுங்கள். இருபத்துநாலடி மேடையில் முன்வரிசைக்கு நாலு பேருக்கு மேல் வேண்டாம். ஐந்தாமவரைச் சேர்த்தால் நாட்டடவில் கை நீட்ட இடமில்லாமல் எல்லோரும் முழங்கையை மடக்குவார்கள், அதைப் பார்ப்பவர் ‘பயிற்சி போதாது’ என்பார். ஒரு நிமிட ஆட்டத்துக்கு மூன்று நான்கு மணி நேர ஒத்திகை வேண்டும். கைதட்டலுக்காக நடுவில் தாளச் சொற்களுக்கு ஆடும் ஒரு ஜதியைச் செருகும் பழக்கம் இங்கே நிறைய இருக்கிறது. ஜதிக்கு முன் வந்த சொல்லும் பின் வரும் சொல்லும் அதைக் கேட்கவில்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

பக்கவாத்தியம் நமக்கு எப்போதும் சிக்கல். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கலைஞர்களை அழைத்தால் பயணமும் தங்குமிடமும் செலவில் பாதியைத் தின்றுவிடும். ஒத்திகை ஒருநாளோடு முடிந்துவிடும். பதிவுசெய்த இசை மலிவு. ஆனால் அது ஆடுபவருக்காகக் காத்திருக்காது. பதிவு செய்யும்போதே உள்நுழைவுக்கு முன் இரண்டு ஆவர்த்தனம் தம்புராவும் தாளமும் மட்டும் விடுங்கள். ஒவ்வொரு பகுதியையும் தனிக் கோப்பாகவும் வைத்திருங்கள், நடுவில் மின்சாரம் போய் வந்தால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. ஒத்திகைக்கு மட்டும் சிறிது வேகம் குறைத்த பிரதி ஒன்று, நட்டுவாங்கச் சொற்கட்டு (தாளத்தோடு சொல்லும் ஜதிச் சொற்கள்) தனியாக ஒன்று.

அமைத்ததை எழுதி வைப்பது முக்கியம். வீடியோ மட்டும் போதாது. முன்பக்கத்திலிருந்து எடுத்த வீடியோவில் பின்வரிசைக் கால் தெரியாது, பிழையாக ஆடியதும் அமைப்பு மாதிரியே பதிவாகிவிடும். ஒரு கொப்பியில் அகலவாக்கில் கோடு கீறுங்கள். முதல் வரியில் தாள அட்சரம் (எண்ணிக்கை), ஆதி தாளமென்றால் எட்டுக் கட்டம். கீழே சாகித்தியம் (பாடல் வரி), அதன் கீழ் சொற்கட்டு, பிறகு அடவும் கையும், பிறகு பார்வை. பக்க ஓரத்தில் மேடைப் படம், ஆட்களுக்கு எண். மூன்று வருடம் கழித்து வேறொரு மாணவிக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இதன் அருமை தெரியும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடன அமைப்பையும் பாதுகாக்கப்பட்ட படைப்பாகச் சொல்கிறது. பதிவுசெய்யத் தேவையில்லை, ஆக்கியவர் வாழ்நாளும் அதன்பின் 70 வருடமும் உரிமை நிற்கும். ஆனால் உங்களுடையது என்று காட்டத் திகதியிட்ட இந்தக் கொப்பியும் பதிவும்தான் கையில் இருக்கும்.

எழுத்துக்கு வருவோம். சுவாமி விபுலாநந்தர் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். பழந்தமிழ் இசை பற்றிய அவருடைய யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கணக்கும் செவியும் கொண்டு வாசித்தவர். அந்தக் காதை அரங்கத்தை எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள்: இருபத்துநான்கு விரல் கொண்டது ஒரு கோல், அந்தக் கோலால் ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒருகோல் உயரம். ‘பிரமாண்டமான மேடை’ என்று இளங்கோவடிகள் எழுதவில்லை. நடனம் பற்றி எழுதுகிறவருக்கு இது ஒன்றே பாடம்.

நமது அரங்கேற்ற மலர்களைத் திறந்தால் வாழ்த்துரைகளே பக்கம் பக்கமாக வரும். என்ன உருப்படி, யார் சாகித்தியம், எந்த இராகம், எந்தத் தாளம், யார் அமைத்தது என்பது கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியலாக இருக்கும், சிலவேளை அதுவும் இராது. பத்து வருடம் கழித்து அந்த ஊரின் நடன வரலாற்றை எழுத வருபவருக்கு வாழ்த்துரை எதற்கும் உதவாது. எழுதத் தொடங்குவதற்கு நல்ல இடம் இந்த மலர்தான். ஒவ்வோர் உருப்படிக்கும் 80 முதல் 100 சொல்லில் குறிப்பு எழுதித் தருகிறேன் என்று கேளுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள்.

விமர்சனம் எழுதுவதென்றால் 600 முதல் 800 சொல் போதும். மண்டபத்தில் இருக்கும்போது உருப்படிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இருட்டில் பெரிய எழுத்தில் மூன்று விடயம் குறியுங்கள்: உங்களை நிமிர வைத்த ஓர் இடம், கவனம் சிதறிய ஓர் இடம், முடிவு எப்படி விழுந்தது. அன்றிரவே அல்லது மறுநாள் காலையிலேயே எழுதிவிடுங்கள். இரண்டு நாள் போனால் நினைவில் இருப்பது உடுப்பின் நிறம் மட்டும். ‘மிகச் சிறப்பாக ஆடினார், சபையோரைக் கவர்ந்தார்’ என்ற வரியை எந்த நிகழ்ச்சிக்கும் ஒட்டலாம், ஆகவே அது எதையும் சொல்வதில்லை. ‘திரிகால ஜதியில் முதற்காலத்தில் எடுத்த அரைமண்டி மூன்றாங்காலத்திலும் உயரவில்லை’ என்று எழுதினால் ஆடியவருக்கும் பயன், ஆடாதவருக்கும் அடுத்தமுறை எதைப் பார்ப்பது என்று தெரியும். கண்டதை முதலில் எழுதி, தீர்ப்பைப் பிறகு சொல்லுங்கள். நட்டுவாங்கம், வாய்ப்பாட்டு, மிருதங்கம் யார் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். சிறிய ஊர், எல்லோரும் யாரோ ஒருவரின் மாணவி. உங்கள் குருவின் மாணவியர் நிகழ்ச்சிக்கு விமர்சனம் எழுதாதீர்கள், குறிப்போ நேர்காணலோ எழுதலாம். பதினைந்து வயதுப் பிள்ளையின் அரங்கேற்றத்தில் குறை சொல்லவேண்டுமென்றால் அமைப்பையும் ஒழுங்கையும் பற்றிச் சொல்லுங்கள், பிள்ளையின் உடலைப் பற்றி ஒருபோதும் வேண்டாம்.

ஒளிப்படத்தில்தான் ஆடத் தெரிந்தவருக்குப் பெரிய அனுகூலம். மனிதக் கண் ஒன்றைக் கண்டு விரல் அசைவதற்குச் சுமார் 0.2 செக்கன் எடுக்கும். அட்சரத்துக்கு ஒரு செக்கன் என்ற நடையில் மூன்றாங்காலத்தில் ஒரு தட்டு 0.25 செக்கன். அதாவது நிலையைப் பார்த்துவிட்டு அழுத்தினால் அது கலைந்து அடுத்தது தொடங்கியிருக்கும். காதால் எடுக்கவேண்டும். தீர்மானத்தின் முடிவில் ‘ததிங்கிணதொம்’ மூன்றுமுறை வரும். முதலாவதில் சட்டகத்தைச் சரிசெய்யுங்கள், இரண்டாவதில் குவியம் பூட்டுங்கள், மூன்றாவதின் ‘தொம்’முக்குச் சற்று முன்னால் அழுத்துங்கள். ஆடத் தெரியாத படப்பிடிப்பாளர் முப்பது படம் தொடர்ச்சியாகச் சுட்டுத் தேடுகிற கணத்தை நீங்கள் மூன்றில் எடுப்பீர்கள். அபிநயத்தில் இது மாறும். அங்கே கை முடிந்த இடத்தில் படம் இல்லை, கண் திரும்பும் இடத்தில் இருக்கிறது. பாடல் வரி தெரிந்தால்தான் அது எப்போது என்று தெரியும்.

எண்கள் சொல்கிறேன். வேகமாக வீசும் கை செக்கனுக்கு 3 மீற்றர் போகிறது என்று வைத்தால், 1/250 செக்கனில் 12 மில்லிமீற்றர் நகரும். முழு உருவப் படத்தில் விரல்கள் கலங்கிப்போக அது போதும். ஷட்டர் வேகம் நின்ற நிலைக்கு 1/160, அடவுக்கு 1/500, குதிப்புக்கு 1/800 அல்லது அதற்கு மேல். வில்லையின் (லென்ஸ்) துளையை எஃப் 2.8இல் வைத்து, ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓவை 1600 முதல் 6400 வரை போகவிடுங்கள். மணிமணியாகத் தெரியும் படத்தைப் பிறகு சரிக்கட்டலாம், கலங்கிய முத்திரையைச் சரிக்கட்ட முடியாது. கறுப்புத் திரைக்கு முன்னால் கமராவின் தானியங்கி அளவீடு ஏமாந்து முகத்தை வெளிறச் செய்துவிடும். முகத்தை மட்டும் அளக்கும் புள்ளி அளவீடு வையுங்கள், அல்லது ஒளியளவை முக்கால் படி குறையுங்கள். கமரா பதப்படுத்தாத ரோ (RAW) கோப்பாகவே எடுங்கள். பிளாஷ் வேண்டாம், அது ஆடுபவரின் கண்ணைக் கூசவைக்கும்.

மலிவான எல்.ஈ.டி விளக்குகள் இன்னொரு தொல்லை. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஒளி செக்கனுக்கு நூறுமுறை துடிக்கும். வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழும், ஓசையில்லா இலத்திரனியல் ஷட்டரில் இன்னும் மோசம். பொறிமுறை ஷட்டருக்கு மாறுங்கள், துடிப்புக் குறைக்கும் வசதி இருந்தால் போடுங்கள். விளக்கை மங்கலாக்கினால் சில எல்.ஈ.டிகள் அதிகமாகத் துடிக்கும். ஆகவே முன்விளக்கு இரண்டையும் முழு அளவில், இருபக்கமும் 45 பாகையில், இளமஞ்சள் வெள்ளையில் வைக்கும்படி லைற் போடுபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சிவப்பும் நீலமும் பின்னால் மட்டும். முகத்தில் சிவப்பு விழுந்தால் அரக்குப் பட்டின் விசிறி மடிப்பு முழுவதும் ஒரே கறையாகிவிடும்.

முன்வரிசையில் நிலத்தில் குந்தியிருந்து எடுக்காதீர்கள். மேடை விளிம்பு பாதத்தை மறைக்கும், தாடை பெரிதாகும். நடு வழியில், பின்னால், வாங்கின்மேல் ஏறி, வில்லை ஆடுபவரின் இடுப்பு மட்டத்துக்கு வரும்படி 70–200 மில்லிமீற்றர் வில்லையோடு நில்லுங்கள். சமச்சீரான அடவுகளுக்கு நேர் நடு, அபிநயத்துக்குக் கொஞ்சம் பக்கவாட்டு. பாதம் வெட்டுப்பட்ட அரைமண்டிப் படம் பரதப் படமே அல்ல. மணிக்கட்டில் வெட்டுவதும் அப்படித்தான், வெட்டவேண்டுமென்றால் இடுப்புக்கு மேல் எடுங்கள்.

வெளியில் எடுப்பதென்றால் கிழக்குக் கரை காலைக்குரியது. சூரியன் கடலிலிருந்து எழும்பி ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். மணலில் அடவு ஆடவைக்காதீர்கள். குதிகால் புதைந்து அரைமண்டி கோணும், கணுக்காலும் பிசகும். ஈரமணலின் இறுகிய பகுதியில் நின்ற நிலை மட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தலை அலங்காரம் நிற்காது, மாரியில் ஒளியை நம்ப முடியாது. பங்குனி, சித்திரை நல்லது. குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை நேரே கரைக்குக் கொண்டுபோனால் வில்லையில் நீராவி படியும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள். உப்புக் காற்றில் சும்மா வைத்தால் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும், காற்றுப் புகாப் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம். சலங்கைத் தோலுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். கோணேசர் கோவிலுக்குப் போகும் வழி பிரட்றிக் கோட்டைக்குள்ளால், அங்கே படையினர் இருக்கிறார்கள். ஒப்பனையோடு ஆளையும் முக்காலியையும் கொண்டுபோகுமுன் கோவில் நிர்வாகத்திடமும் அவர்களிடமும் அனுமதி எடுங்கள். துறைமுகத்தில் கடற்படைப் பகுதியைப் பின்னணியில் வைக்கவேண்டாம்.

மலருக்குப் படம் கொடுக்கும்போது அளவு பாருங்கள். ஏ4 முழுப்பக்கத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும், ஏ5க்கு 1748க்கு 2480. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள்.

பலர் விழும் குழி ஒன்று உண்டு: ஒரே இரவில் இரண்டு வேலை. தன் மாணவியர் ஆடும்போது நட்டுவாங்கத்துக்கு அமர்ந்தவர் படம் எடுக்க முடியாது. படம் எடுத்தவர் அன்றைய விமர்சனத்தை எழுதக்கூடாது. கமராவுக்குள் பார்த்தவருக்கு நிலைகள் மட்டும் தெரியும், ஓட்டம் தெரியாது. எந்த நிகழ்ச்சிக்கு எந்த ஆளாகப் போகிறீர்கள் என்று வீட்டிலிருந்து வெளிக்கிடுமுன்னரே முடிவெடுங்கள்.

வருமானத்தில் உண்மை பேசினால், இங்கே அடிப்படை கற்பித்தல்தான். பாடசாலை நியமனம் வேண்டுமென்றால் பட்டம் வேண்டும். மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம், மருதனார்மடத்தில் இராமநாதன் பெயரிலான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப் பீடம் இரண்டும் தமிழ்மொழி வழி. வட இலங்கைச் சங்கீத சபைத் தேர்வுகளை ஆசிரியர் தரம்வரை முடிப்பது தனியார் வகுப்பு நடத்த உதவும். படமும் எழுத்தும் ஆரம்பத்தில் செலவைத்தான் தரும், ஆனால் உங்கள் அமைப்புகளை வெளியூருக்கு அறிமுகப்படுத்துவது அவைதான்.

படம் எடுக்கும்போது உரிமையை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத் தாள் போதும்: யார் எடுத்தது, எங்கெல்லாம் பாவிக்கலாம், படத்தோடு எவருடைய பெயரெல்லாம் வரவேண்டும், விற்பனைக்கு உண்டா இல்லையா. ஆடியவர், அமைத்தவர், எடுத்தவர் மூவர் பெயரும் வரவேண்டும். 18 வயதுக்குக் குறைந்த மாணவியர் என்றால் பெற்றோரின் கையொப்பம் இல்லாமல் முகநூலில் ஒரு படமும் போடாதீர்கள். உடை மாற்றும் அறையிலும் ஒப்பனை அறையிலும் கமராவை வெளியில் எடுக்காதீர்கள், எடுக்கச் சொல்லி யார் கேட்டாலும்.